உலகக் கோப்பையை நிமிர்த்திய கதை

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உலகக் கோப்பையை நான் செய்யவில்லை.

எங்கள் தெருவில் நான்தான் செய்ததாகப் பேசிக்கொள்கிறார்கள். டீக்கடை பெஞ்சில் எனக்கு இடம் விடுகிறார்கள். கிரிக்கெட்டில் இந்தியா தோற்றால் என்னைப் பார்த்துத் துக்கம் விசாரிக்கிறார்கள். இந்தப் புரளியைக் கிளப்பியது யார் என்று ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டே போனேன். விசாரணை என் வீட்டு அடுப்படியில் வந்து முடிந்தது.

"நீங்கதானே செஞ்சேன்னு சொன்னீங்க?" என்றாள் என் மனைவி ஸ்டெல்லா.

"அது மாதிரி ஒண்ணு செஞ்சேன்னு சொன்னேன்மா."

"அந்த மாதிரி, இந்த மாதிரியெல்லாம் ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லிக்கினா இருப்பாங்க?"

போன மாதம், நான் வேலை பார்த்த பழைய பட்டறைக்கு ஒரு நடை போனேன். அங்கே இப்போது வேலை செய்கிற பிள்ளைகளும் இதையேதான் கேட்டார்கள், அதுவும் இன்னொரு பங்கு சேர்த்து: "இன்னா அங்கிள், வேர்ல்டு கப்பையே நிமித்திட்டீங்களாமே?" நிமிர்த்தியது உண்மைதான். நிமிர்த்தியதுதான் வம்பாகப் போயிற்று. நாளைக்கு இந்தக் கதையில் நான் சிக்ஸரும் அடித்ததாகச் சேர்ந்துவிடுவதற்குள், நானே எழுதிவிடுவது நல்லது.

என் பெயர் ஆரோக்கியசாமி. பெயரில் இருப்பது உடம்பில் இல்லை. அப்பா ஊரார் நிலங்களில் கூலிக்குப் போனவர். வெயில் படாத வேலையாகப் பார்த்துப் போகவேண்டும் என்று நான் காஞ்சிபுரத்துப் பட்டறைக்கு வந்தேன். வந்த இடத்தில் உலை இருந்தது.

பட்டறை சுபான் பாயுடையது. இரண்டு பக்கமும் தறி வீடுகள். நடுவில் நாங்கள். அவர்கள் தட்டுகிற சத்தம் எங்களுக்குக் கேட்கும், நாங்கள் தட்டுவது அவர்களுக்குக் கேட்கும். யாரும் யாரையும் குறை சொன்னதில்லை, காது போனதுதான் மிச்சம். வருஷத்தின் பெரும்பகுதி கோயில் கோபுரங்களுக்குக் கலசம் செய்வோம். பள்ளிக்கூடங்களில் விளையாட்டு விழா வருகிற பருவத்தில் பரிசுக் கப்பு செய்வோம். இரண்டுக்கும் ஒரே கடைசல் இயந்திரம், ஒரே தகடு, ஒரே முலாம். கலசத்துக்குக் கைப்பிடி வைத்தால் கப்பு. கப்பைக் கவிழ்த்து மூக்கு வைத்தால் கலசம். ஒருமுறை நான் ஞாபகப் பிசகாக ஒரு கலச உடம்புக்குக் கைப்பிடி வைத்துவிட்டேன். அதை வாங்கிப்போன கபடி அணி அதற்குப் பிறகு தோற்றதே இல்லை என்று சொல்வார்கள். சொன்னவன் நான்தான்.

வேலை கற்றுக்கொண்ட வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதலில் மெருகு போட்டேன், வீட்டுக்குக் கரிக்கட்டையாகத் திரும்பினேன். பிறகு கடைசலில் நின்றேன், விரல்களைப் பாதுகாத்தேன். ஆனால் முதல் நாள் நடந்ததைச் சொல்லாவிட்டால் மீதிக் கதை புரியாது. ஒரு கலசத்தைச் சோதித்துவிட்டு பாய் உரக்க, "சீதா!" என்றார். யாரோ அம்மாவைக் கூப்பிடுகிறார் என்று நினைத்து, நல்ல பிள்ளையாகத் தெருவுக்கு ஓடினேன். பக்கத்துத் தறி வீட்டில் போய், "சீதாம்மாவை பாய் கூப்பிடறாரு" என்றேன். அந்த வீட்டில் நிஜமாகவே ஒரு சீதா இருந்தார். தறியை நிறுத்திவிட்டு வந்தார். பாய் எழுந்து நின்று அவருக்கு ஒரு டீ வரவழைத்துக் கொடுத்து அனுப்பிவைத்தார். அப்புறம் என்னிடம், "சீதான்னா நேரா இருக்குதுன்னு அர்த்தம்டா. உருதுடா. நீ கோணலா இருக்கிறே" என்றார்.

பாயின் சோதனையை நான் எத்தனையோ வருஷம் பார்த்திருக்கிறேன், சலித்ததில்லை. பட்டறை நடுவில் ஒரு கருங்கல் பலகை. அதன்மேல் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பார், பலகை மட்டமாக இருக்கிறதா என்று. பூமி ஒரே இரவில் நகர்ந்துவிடக்கூடும் என்கிற சந்தேகம் அவருக்கு எப்போதும் உண்டு. பிறகு தட்டை எடுத்துவிட்டுச் சாமானை வைப்பார். சட்டைப் பையிலிருந்து தூக்குக்குண்டை எடுப்பார். பேனா வைக்கிற பையில் அவர் வைத்திருந்தது அந்தப் பித்தளைக் குண்டைத்தான். நூலைத் தொங்கவிட்டு, அது ஆடி அடங்குகிறவரை மூச்சுகூட விடமாட்டார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு சாமானைச் சுற்றி வருவார். நேராக இருந்தால் நகத்தால் ஒரு சுண்டு, "சீதா!" சாமான் முலாமுக்குப் போகும். கோணலாக இருந்தால் சத்தமே வராது. உதட்டுக்குள், "டேடா." அவ்வளவுதான். சாமானைச் சுவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போய்விடுவார், முகம் பார்க்கப் பிடிக்காதவர் போல.

அவர் கோபமும் அப்படித்தான். எங்களை "டா" போட்டால் நல்ல மனநிலை என்று அர்த்தம். "வாங்க ஆரோக்கியசாமி, உட்காருங்க" என்றால் அன்றைக்கு எனக்கு நேரம் சரியில்லை.

எனக்கும் அந்தப் பட்டறையில் ஒரு பெருமை இருந்தது. நூல் பிடிக்காமல் வெறும் கண்ணாலேயே நேர், கோணல் சொல்லிவிடுவேன். பாய் தூக்குக்குண்டை எடுப்பதற்குள் நான், "டேடா பாய்" என்பேன், பெரும்பாலும் சரியாக இருக்கும். வீட்டில் சுவர்க் கடிகாரம், காலண்டர், பக்கத்து வீட்டுக் கேட், பாதிரியார் நிற்கிற விதம் எதையும் விட்டுவைத்ததில்லை. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது, "வாசக்கால் சாஞ்சிருக்குது" என்று சொன்னதை ஸ்டெல்லா இன்னும் மறக்கவில்லை.

இப்படிப்பட்ட பட்டறைக்குத்தான் ஒரு நாள் அப்பாண்டைராஜ் சார் வந்தார்.

திருப்பருத்திக்குன்றத்துக்காரர். அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியர். பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. எங்கள் பக்கத்துப் பார்வையற்றோர் கிரிக்கெட் அணிக்கு அவர்தான் கேப்டன். ஷேர் ஆட்டோவில் இறங்கி, வெள்ளைக்கோலைத் தட்டிக்கொண்டு, உலைச் சத்தத்தை வைத்தே நேராக உள்ளே வந்துவிட்டார். உட்கார்ந்ததும் பையிலிருந்து ஒரு பந்தை எடுத்துக் கருங்கல்லில் உருட்டினார். கலகலவென்று சத்தம். உள்ளே இரும்புக் குண்டுகள் போட்டிருக்கும், அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் அடிப்பார்களாம். நான் பந்தை எடுத்து ஆட்டிப் பார்த்தேன். கண் இருக்கும்போதே அடிக்கத் தெரியாதவன் நான்.

"எங்க டீமு இந்த வருஷம் இங்க ஒரு போட்டி நடத்துறோம், பாய். அதுக்குக் கப்பு வேணும். வேர்ல்டு கப்பு மாதிரி. மாதிரின்னா, அச்சு அசலா அப்படியே."

"செஞ்சிடலாம் சார். ஏன், வேற டிசைன்லாம் நல்லா இருக்குதே?" என்றார் பாய்.

சார் சிரித்தார். "சின்ன வயசுலேர்ந்து கேட்டுக்கினே இருக்கிறேன் பாய், அந்தக் கப்பு எப்படி இருக்கும்னு. ஒருத்தன் பூந்தொட்டின்னான். ஒருத்தன் முக்காலி மேல பூசணிக்காய்ன்னான். எங்க மாமா கோபுர கலசம்னாரு. அப்புறம்தான் தெரிஞ்சுது, ஆளாளுக்கு வேற வேற கப்பைச் சொல்லியிருக்கிறாங்க. எண்பத்து மூணுல நம்மாளுங்க வாங்கின கப்பு வேறயாம். அப்போல்லாம் எந்தக் கம்பெனி காசு குடுக்குதோ அது ஒரு கப்பு. இப்போ இருக்கிறது தொண்ணூத்தொம்போதுல லண்டன்ல செஞ்சது. மூணு வெள்ளித் தூண், ஸ்டம்ப்பு மாதிரி. ஒண்ணு பேட்டிங், ஒண்ணு பௌலிங், ஒண்ணு ஃபீல்டிங். மேல தங்கப் பந்து. அதுவே உலகமும்தான். எந்தப் பக்கத்துலேர்ந்து பார்த்தாலும் இன்ன கப்புன்னு தெரியற மாதிரி செஞ்சிருக்கிறாங்களாம்."

கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"மெட்ராஸ்ல ஒரு மால்ல அதைக் கொண்டாந்து வெச்சாங்க. நானும் கியூவுல நின்னேன். எல்லாரும் செல்ஃபி எடுத்தாங்க. நான் கைய வெச்சேன். கண்ணாடிப் பொட்டிக்குள்ள இருந்துச்சு. கண்ணாடி நல்லா வழவழன்னு இருந்துச்சு, பாய்."

 நான் எதையாவது சொல்லிச் சிரிக்கவைக்கலாமா என்று பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. எனக்கு அப்படி ஆவது அபூர்வம். கடைசியில், "ஒரிஜினலை ஜெயிச்சவங்களுக்கே குடுக்கிறதில்ல சார், நகல்தான் குடுத்து அனுப்புறாங்களாம். பேப்பர்ல படிச்சேன்" என்றேன்.

"அப்போ நமக்கும் அவங்களுக்கும் வித்தியாசமில்ல, அண்ணா" என்றார் சார். அந்த நிமிஷமே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

வேலையை ஆரம்பித்தோம். செல்போனில் படங்கள் பார்த்தோம். பாய் சாக்குக்கட்டியால் கருங்கல்லிலேயே படம் வரைந்தார். அடிப்பீடம், மூன்று தூண், மேலே பித்தளையில் இரண்டு கிண்ணம் கடைந்து வாய்க்கு வாய் சேர்த்துப் பந்து. சேர்த்த இடத்தின்மேல் தையலுக்காக முறுக்கிய கம்பி, இரண்டு பக்கமும் சின்னச் சின்னத் தையல் முடிச்சுகள். விரலுக்குத் தெரியவேண்டும் என்று பாய் அதைக் கொஞ்சம் தூக்கலாகவே வைக்கச் சொன்னார். அதுவரை எல்லாம் சரி.

பந்தைத் தூண்மேல் உட்காரவைக்கும்போதுதான் பிரச்சினை. படத்தில் தையல் சாய்வாக இருந்தது.

"போட்டோ புடிச்சவன் கை ஆடியிருக்குது" என்றார் பாய்.

வேறு படம் பார்த்தோம். அதிலும் சாய்வு. இன்னொன்று, அதிலும்.

"எல்லாருமா ஒரே பக்கம் ஆடினாங்க, பாய்?" என்றேன்.

பாய் யோசித்தார். "ஜெயிச்ச சந்தோஷம்டா. தூக்கிக்கினு குதிக்கிறானுங்க. அப்போ புடிச்ச போட்டோ. குதிக்கும்போது எதுடா நேரா இருக்கும்?"

எனக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது. அதைவிட, உலகமே பார்க்கிற ஒரு சாமான் கோணலாக இருக்கக்கூடும் என்று நினைக்கவே எங்கள் இருவருக்கும் மனசு வரவில்லை. கோபுரத்துக்குக் கலசம் செய்து பழகிய கை. கலசம் இம்மி சாய்ந்தாலும் ஊருக்கு ஆகாது, மழை பொய்க்கும் என்பார்கள். ஆகவே தையலை நிமிர்த்தினோம். நான் கண்ணால் பார்த்து, "சீதா" என்றேன். பாய் நூல் பிடித்துச் சுற்றி வந்து, நகத்தால் சுண்டி, "சீதா!" என்றார். தூணுக்கு வெள்ளி முலாம், பந்துக்குத் தங்க முலாம். லண்டன்காரர்களைவிட நன்றாகவே செய்துவிட்டோம் என்று ஆளுக்கு ஒரு டீ குடித்தோம்.

வாங்கிப்போக சார் மத்தியானமே வந்துவிட்டார். அவர்கள் வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடவேண்டும், சமணர்கள். கப்பை அவர் முன்னால் வைத்தோம். இரண்டு கையையும் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு தொட்டார். பீடத்தை ஒரு சுற்று. தூண்களை ஒவ்வொன்றாகப் பிடித்து, "பேட்டிங்... பௌலிங்... ஃபீல்டிங்..." என்றார். முகம் மலர்ந்துகொண்டே போனது. விரல் பந்துக்கு ஏறியது. தையலைக் கண்டுபிடித்தது, அதன் வழியே மேலே போயிற்று, கீழே வந்தது, மறுபடி மேலே போயிற்று. அங்கேயே நின்றது.

"பாய்... தையல் நேரா நிக்குதே?"

பாய்க்குப் பெருமை தாங்கவில்லை. "நூல் புடிச்ச மாதிரி சார்! சீதா!"

"அது சாய்ஞ்சு இல்ல இருக்கணும்?"

"போட்டோல அப்படித் தெரியும் சார். நாங்க சரி பண்ணிட்டோம்."

சார் கையை எடுக்கவில்லை. "அது தப்பு இல்ல பாய். வேணும்னே சாய்ச்சிருக்கிறாங்க. பூமி சாய்ஞ்சுதானே சுத்துது? அந்த இருபத்து மூணரை டிகிரியைத்தான் தையல்ல காட்டியிருக்கிறாங்க."

பாயின் குரல் மரியாதைக்கு மாறியது. நான் இரண்டடி பின்னால் போனேன். "நீங்க படிச்சவங்க, சொல்றீங்க. ஆனா சாஞ்ச சாமான் இந்தப் பட்டறையை உட்டு வெளிய போனதில்ல, சார். கண்ணு இருக்கிறவன் பார்த்தா என்னைத்தான் சிரிப்பான்."

"கண்ணு இருக்கிறவங்களுக்கு டிவி இருக்குது, பாய்" என்றார் சார், நிதானமாக. "இங்க தப்பா இருந்தாலும் அங்க பார்த்துச் சரி பண்ணிக்குவாங்க. எங்க பசங்களுக்கு நீங்க குடுக்கிறதுதான் கப்பு. நீங்க நிமித்திட்டா, ஆயுசுக்கும் எங்களுக்கு அது நிமிந்துதான் இருக்கும். யாரு வந்து மாத்தப்போறாங்க?"

 பாய் சுவரைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "கலசம் சாஞ்சா மழை இல்லம்பாங்க, சார்" என்றார். அது வாதம் இல்லை. அவருடைய பயம்.

சார் சட்டென்று எழுந்தார். "அண்ணா, உங்க தலை சொட்டைதானே?"

"எப்படி சார் தெரியும்?"

"பேசும்போது அடிக்கடி தடவிக்கிறீங்க. சத்தம் கேக்குது."

அடுத்த நிமிஷம் பட்டறை வேலை நின்றுபோனது. சார் பாயை நடுவில் நிறுத்தினார். "நீங்க சூரியன், பாய். அசையக் கூடாது." என் தோளைப் பிடித்தார். "இவரு பூமி. அண்ணா, நேரா நின்னுக்கினு பாயைச் சுத்துங்க." சுற்றினேன். "பாய், இவரு சொட்டை கிட்ட வருதா, தூரம் போவுதா?"

"அதேதான் இருக்குது."

"அப்போ வருஷம் பூரா ஒரே வெயிலு. அண்ணா, இப்போ தலையை வாசல் பக்கம் சாய்ங்க. எங்க போனாலும் வாசல் பக்கமே சாய்ஞ்சிருக்கணும், மாத்தக் கூடாது. சுத்துங்க."

கழுத்தைச் சாய்த்துக்கொண்டு, முதலாளியைச் சுற்றி வந்தேன். பிள்ளையாரைச் சுற்றிய மாதிரி. சீதாம்மா தறியை விட்டு வந்து வாசலில் நின்று பார்த்தார். உலைக்குப் பக்கத்தில் போகும்போது, "இப்போ?" என்றார் சார்.

"கிட்ட வருது. பளபளங்குது" என்றார் பாய்.

"அது சித்திரை. இப்போ?"

வாசல் பக்கம் வந்திருந்தேன். "தூரமா போயிடுச்சு. சொட்டையே தெரியல."

"அது மார்கழி. சாயலைன்னா சித்திரையும் இல்ல, மார்கழியும் இல்ல. ஆடிக் காத்து இல்ல, ஐப்பசி மழை இல்ல. சாய்ஞ்சா மழை பொய்க்காது, பாய். சாய்ஞ்சாத்தான் மழை."

பாய் அசையவில்லை. சூரியன் என்பதால் அல்ல என்று நினைக்கிறேன். நான் தலை சுற்றிப்போய் உலையைப் பிடிக்கப் பார்த்தேன், சீதாம்மா இழுத்து நிறுத்தினார்.

"பொழுதுகூட சாய்ஞ்சாத்தான் வீட்டுக்குப் போக முடியுது, பாய்" என்றேன், என் பங்குக்கு.

"நீ சும்மா இருடா" என்றார் பாய். "டா" என்றார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. "பந்தைக் கழட்டு."

கழற்றுவது சுலபம். நெருப்பு பட்டதும் தங்க முலாம் கறுத்துப்போயிற்று, அதுவும் பரவாயில்லை, மறுபடி பூசலாம். சாய்த்து மாட்டுவதுதான் முடியவில்லை. நான் சாய்த்துப் பற்றவைத்தேன். ஆறியதும் பார்த்தால் தையல் பாதி நிமிர்ந்திருந்தது. என் கையே அதைத் தள்ளிவிட்டிருந்தது. பாய் பிடித்தார், அவர் கையும் அப்படியே. இன்னொருவர் வந்து, "தள்ளுங்கபா" என்று உட்கார்ந்தார், அவர் ஒரேயடியாக நேராகவே நிறுத்திவிட்டார். வாழ்க்கையில் முதல்முறையாகக் கோணலாக ஒன்று செய்யச் சொன்னால், பட்டறை முழுக்க ஒருவருக்கும் வரவில்லை. என்னுடைய பேர்பெற்ற கண் அன்றைக்குப் பெரும் துரோகம் செய்தது. தையல் கொஞ்சம் சாய்ந்தால் போதும், "போதும், விழுந்துடப்போவுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

மறுநாள் சார் பள்ளிக்கூடத்து உலக உருண்டையைக் கொண்டுவந்தார். அதன் இரும்புக் கம்பி சாய்ந்துதானே இருக்கும்? அதைக் கப்புக்குப் பக்கத்தில் வைத்தோம். அப்படியும் என் கண் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் ஒரு கையை உருண்டையின் கம்பியில் வைத்தேன், இன்னொரு கையைத் தையலில் வைத்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். இரண்டு கையும் ஒரே மாதிரி ஆகிறவரை பந்தைத் திருப்பினேன். "புடிங்க, புடிங்க!" என்றேன். பாய் அப்படியே பிடித்துக்கொள்ள, அடையாளம் கீறிக்கொண்டேன். அந்த இடத்தில் ஆணி வைத்துப் பற்றவைத்தோம். அதற்குப் பிறகு அது நிமிரவில்லை.

முலாம் முடிந்து கருங்கல்லுக்கு வந்தது. பாய் வழக்கம்போல் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். நூலைத் தொங்கவிட்டார். சுற்றி வந்தார். நாங்கள் காத்திருந்தோம். "சீதா" என்று பொய் சொல்ல அவரால் முடியாது. "டேடா" என்றால் சாமான் சுவர் பக்கம் திரும்பவேண்டும். நகத்தால் சுண்டினார். ஒன்றும் சொல்லாமல் தூக்குக்குண்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். பேச்சில்லாமல் பட்டறையைவிட்டுப் போன சாமான் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

போட்டிக்குப் பாயும் நானும் போனோம். இறுதி ஆட்டத்தில் சாரின் அணி தோற்றுவிட்டது. கடைசிப் பந்தைச் சார்தான் அடித்தார், கலகலவென்று போய் நேராக ஒருவன் கையில் விழுந்தது.  இவ்வளவு பாடுபட்டுச் செய்த கப்பு அடுத்த ஊருக்குப் போகிறதே என்று நினைத்தேன்.

சார் அப்படி நினைத்ததாகத் தெரியவில்லை. கப்பைக் கொடுக்கும்போது ஜெயித்த கேப்டனின் கையைப் பிடித்துப் பந்தின்மேல் வைத்தார். மைக் பக்கத்தில் இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது: "மச்சான், தையல் சாய்ஞ்சிருக்கும். உடைஞ்சுதுன்னு நெனைக்காதே. அப்படித்தான் அது."

அந்தக் கேப்டன் விரலை ஓட்டினார். விரல் சாய, கூடவே அவர் தலையும் மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது. பிறகு அடுத்தவரிடம் கொடுத்தார். அவர் தலையும் சாய்ந்தது. வரிசையாகக் கை மாறிக்கொண்டே போயிற்று, வரிசையாகத் தலைகள் சாய்ந்தன. தோற்ற அணியும் வந்து வரிசையில் நின்றுகொண்டது. சிறப்பு விருந்தினர் மாலையோடு காத்திருந்தார். அவரையும் அறியாமல் அவர் தலையும் கொஞ்சம் சாய்ந்திருந்தது.

என் பக்கத்தில் பாய் நின்றிருந்தார். தொண்டையைச் செருமினார். கலசத்துக்குச் சொல்கிற அதே உரத்த குரலில், மைதானம் திரும்பிப் பார்க்க, "டேடா!" என்றார்.

பாய்க்கு இப்போது வயதாகிவிட்டது. பட்டறையை மகன் பார்த்துக்கொள்கிறார். எனக்கும் ஓய்வு கிடைத்து, நெளிந்த முதுகோடு வீட்டில் இருக்கிறேன். ஆனால் உலகக் கோப்பை இறுதி ஆட்டம் முடிந்து, யாராவது கப்பைத் தூக்கிக்கொண்டு குதிக்கிற நேரத்தில் என் வீட்டில் போன் அடிக்கும். யார் ஜெயித்தார்கள் என்று பாய் கேட்கமாட்டார். அவருக்குக் கண் பார்வை மங்கிவிட்டது, டிவியில் தெளிவாகத் தெரிவதில்லை. அவருடைய கவலை வேறு.

"பார்த்தியாடா? நம்மள மாதிரி லண்டன்ல எவனாவது நிமித்தித் தொலைச்சிருக்கானா?"

நான் டிவிக்குப் பக்கத்தில் போய், தலையைச் சாய்த்து, நன்றாகப் பார்த்துவிட்டுச் சொல்வேன்:

"இல்ல பாய். டேடாதான்."

"அல்ஹம்துலில்லா" என்பார். போனை வைத்துவிடுவார்.